பாலியல் தொழிலாளரின் உடல்நலம் – ஒரு பார்வை

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

முன்னுரை

‘நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்’ என்பது நம் முன்னோர் வாக்கு. அச்செல்வம் எல்லார்க்கும் பொது என்று மேடைகளில் முழங்குகிறோம். ஆனால், தம் தொழில் இன்னதென்று மருத்துவரிடம் கூறினால் ஏளனம் வருமோ என்றஞ்சி, நோயை மறைத்தே வாழும் ஒரு பிரிவினர் நம்மிடையே உள்ளனர். அவர்களே பாலியல் தொழிலாளர். கல்லூரி மலரில் எழுதத்தக்க பொருளா இது என்று சிலர் முகம் சுளிக்கலாம். நோய்க்கிருமிகளைப் பற்றிப் பாடம் படிக்கும் நாம், அக்கிருமியால் முதலில் தாக்கப்படும் மனிதரைப் பற்றி மட்டும் பேச நாணுவது முறையாகுமா?

நோய் இன்னதென்று தெளிந்து, அதன் காரணத்தை ஆய்ந்து, அதைத் தணிக்கும் வழி கண்டு, பொருந்துமாறு செய்க என்பது ‘மருந்து’ அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்துள்ள முறை. அம்முறையிலேயே இப்பொருளை ஈண்டு நோக்குவோம். இவர்களின் உடல்நலம் காக்க உலகம் இருவழிகளைக் கையாண்டிருக்கிறது. ஒன்று அச்சுறுத்தும் வழி. மற்றொன்று அவர்களையே துணையாகக் கொள்ளும் வழி. எவ்வழி நோயைத் தணித்தது என்பதை வரலாற்றிடமே கேட்போம்.

நம் பகுதியும் இப்பொருளும்

பூந்தமல்லியிலிருந்து இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர் வழியாகக் காஞ்சிபுரம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையையும், அதிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவிலுக்குச் செல்லும் சாலையையும் நாம் நன்கறிவோம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் உற்பத்தி தொடங்கியது முதல் ஏரிப்பாசன வயல்கள் தொழிற்பேட்டைகளாக மாறின. 2010-இல் ஒரகடத்திலும் கார் உற்பத்தி தொடங்கியது. இன்று இரவு பகல் பாராமல் கண்டெயினர் லாரிகளும், கார்களைச் சுமந்து செல்லும் நீண்ட வண்டிகளும் வரிசையாய் நிற்கின்றன. பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு, அசாம் என்று தொலைதூர மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்கள் ஓர் அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர் என்று தங்கி வேலை செய்கின்றனர்.

எங்கெல்லாம் ஆண்கள் குடும்பத்தைப் பிரிந்து நெடுநாள் தங்க நேர்கிறதோ, எங்கெல்லாம் கையில் கூலியும் மனத்தில் தனிமையும் சேர்கின்றனவோ, அங்கெல்லாம் இத்தொழில் இருந்தே வந்திருக்கிறது. துறைமுகம், படைவீடு, சுரங்கம், லாரி நிறுத்தம் என எதுவும் இதற்கு விலக்கன்று. இதனாலேயே தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு லாரி ஓட்டுநரையும் புலம்பெயர் தொழிலாளரையும் ‘இணைப்பு மக்கள்’ என்று குறிப்பிடுகிறது. ஓரிடத்தில் ஒருவருக்கு உள்ள தொற்றை இன்னோர் இடத்திலுள்ள மனைவிக்கும், அவள் வயிற்றிலுள்ள சிசுவுக்கும் கொண்டு சேர்க்கும் பாலம் போன்றவர்கள் என்பது இதன் பொருள்.

இதைப் படித்துவிட்டு வடமாநில இளைஞர் எல்லோரையும் ஐயக்கண்ணோடு நோக்குவது அறிவீனம். வேலைக்காக விடுதிகளில் தங்கியுள்ள பெண்களைப் பற்றித் தேநீர்க் கடைகளில் பேசப்படும் பேச்சும் அத்தகையதே. நோய் பரவுவது கிருமியால். வதந்தியால் பரவுவது அவமானம் ஒன்றே. அந்த அவமானத்துக்கு அஞ்சியே நோயுள்ளவர் மருந்தை நாடாமல் இருக்கின்றனர் என்பதை நாம் மறக்கலாகாது.

அச்சுறுத்தும் வழி

இப்போது வரலாற்றின் பக்கங்களைச் சற்றுப் புரட்டுவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் படைவீரரிடையே மேகநோய்கள் மிகுந்தன. அதைத் தடுக்க எண்ணிய ஆட்சியினர் இங்கிலாந்தில் 1864-இலும், இந்தியாவில் 1868-இலும் தொற்றுநோய்ச் சட்டங்களை இயற்றினர். இச்சட்டப்படி பாலியல் தொழில் செய்யும் பெண்கள் காவல்துறையில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். குறித்த நாளில் மருத்துவச் சோதனைக்கு வர வேண்டும். நோய் காணப்பட்டால் ‘லாக் ஆஸ்பத்திரி’ எனப்பட்ட மருத்துவமனைகளில் அடைபட்டுக் கிடக்க வேண்டும். சென்னை மாகாணத்தின் படைவீடுகளில் இத்தகைய மருத்துவமனைகள் பல இருந்தன. நமக்கு அருகிலுள்ள பரங்கிமலையும் அவற்றுள் ஒன்று.

விளைந்தது என்ன? பெண்ணைச் சோதித்தனர், அவளிடம் சென்ற படைவீரனுக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. ஒரு கதவைச் சாத்திவிட்டு மறு கதவைத் திறந்து வைத்தது போலாயிற்று. பென்சிலின் பயன்பாட்டுக்கு வராத காலமாதலால், அடைத்து வைத்தவர்களுக்குக் கொடுக்கத் தக்க மருந்தும் இல்லை. பாதரசமே மருந்தாக இருந்தது. பெண்களோ பதிவுக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடினர், ஒளிந்தனர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருடப் பஞ்சத்தின்போதோ, ஒருவேளை உணவு கிடைக்கும் என்பதற்காகவே வறிய பெண்கள் அந்த மருத்துவமனைகளை நாடிச் சென்றனர் என்றும் வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். பசிதான் அங்கே பெரிய நோய்! இங்கிலாந்தில் ஜோசபின் பட்லர் என்ற அம்மையார் இச்சட்டத்தை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் போராடினார். 1886-இல் அங்கும், 1888-இல் இங்கும் சட்டம் நீக்கப்பட்டது.

சட்டம் நீங்கிற்று, அதன் மனப்பான்மை நீங்கிற்றா? சரியாக நூறாண்டு கழித்துச் சென்னையில் நிகழ்ந்ததைக் காண்போம்.

1986: சென்னையில் ஒரு கண்டுபிடிப்பு

இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி இருப்பது முதன்முதலில் தெரியவந்தது நம் சென்னையில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா இவ்வாய்வை மேற்கொண்டார். அக்காலத்தில் எய்ட்ஸ் என்பது மேனாட்டு நோய், அது நம் நாட்டை அண்டாது என்று படித்தவர்களே நம்பியிருந்தனர். மயிலாப்பூரிலிருந்த பெண்கள் காப்பு இல்லத்துக்குச் சென்று அங்கு வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளரிடம் நிர்மலா இரத்த மாதிரிகளைத் திரட்டினார். தக்க வசதி இல்லாததால் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே அவற்றைப் பாதுகாத்தார். பின்னர்த் தம் கணவருடன் இரயிலேறி வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றார். அங்கே நடந்த சோதனையில் ஆறு பேருக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. அமெரிக்காவில் செய்த மறுசோதனையும் அதை உறுதி செய்தது.

ஒரு மாணவியின் உழைப்பு நாட்டுக்கே எச்சரிக்கை மணியாக அமைந்தது என்பது நமக்குப் பெருமை தருவது. ஆனால் இரத்தம் தந்த அப்பெண்களுக்கு என்ன கிடைத்தது? நோய் பரவாமல் தடுப்பதாகச் சொல்லி, தண்டனைக் காலம் முடிந்த பின்னும் தொற்றுள்ள பெண்கள் விடுதலை செய்யப்படாமல் இல்லத்திலேயே வைக்கப்பட்டனர். பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் உயர்நீதிமன்றம் சென்று வழக்காடிய பிறகே, 1990-இல் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. லாக் ஆஸ்பத்திரியின் நிழல் எவ்வளவு நீளமானது பாருங்கள்!

துணையாகக் கொள்ளும் வழி

மறுவழியைக் காட்டியது கல்கத்தா. அந்நகரின் சோனாகாச்சி என்ற பகுதியில் 1992-இல் டாக்டர் ஸ்மரஜித் ஜானா ஒரு சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கினார். வெளியாட்கள் வந்து அறிவுரை கூறுவதை விட்டு, அங்குள்ள பெண்களையே தேர்ந்து பயிற்சி கொடுத்து, சக கல்வியாளர்களாக நியமித்தார். அவர்கள் வீடுவீடாகச் சென்று தம் தோழியரிடம் நோயைப் பற்றியும் ஆணுறையைப் பற்றியும் பேசினர். தொடக்கத்தில் ஆணுறையை ஒழுங்காகப் பயன்படுத்தியோர் நூற்றுக்கு மூவர் அளவிலேயே இருந்தனர். சில ஆண்டுகளில் மிகப் பெரும்பாலோர் அதைப் பயன்படுத்தலாயினர்.

இந்த மாற்றம் எப்படி நிகழ்ந்தது? நோயைப் பற்றி அறிந்தும் ஆணுறையை வலியுறுத்த முடியாமல் அப்பெண்கள் தவித்ததைத் திட்டத்தார் கண்டனர். ‘வேண்டாம்’ என்று ஒருவரைத் திருப்பி அனுப்பினால் அன்றைய அடுப்பு எரியாது. கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்பார். ஆகவே கடனே நோய்க்குக் காரணமாக இருந்தது! இதையுணர்ந்த பெண்கள் 1995-இல் ‘உஷா’ என்ற கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். உறுப்பினர் நன்னடத்தை உள்ளவராக இருத்தல் வேண்டும் என்ற விதியைக் காட்டிப் பதிவு மறுக்கப்பட்டது. ‘இல்லத்தரசிகள்’ என்று எழுதிக் கொடுத்தால் பதிவு செய்யலாம் என்று யோசனையும் கூறப்பட்டது. அவர்கள் பொய் எழுத மறுத்தனர். வாதாடித் தம் தொழிலின் பெயராலேயே பதிவு பெற்றனர். சேமிப்பும் குறைந்த வட்டிக் கடனும் கைக்கு வந்தபின், ‘ஆணுறை இல்லையேல் போய் வா’ என்று சொல்லும் துணிவும் வந்தது. அதே 1995-இல் உருவான ‘துர்பார்’ என்ற பெண்கள் அமைப்பு பின்னர் அத்திட்டத்தையே ஏற்று நடத்தியது. மகாராட்டிரத்தின் சாங்லியிலும் ‘சங்கராம்’, ‘வாம்ப்’ ஆகிய அமைப்புகள் இவ்வழியில் நடந்தன.

தமிழகத்தின் பங்கு

தமிழகமும் பின்தங்கிவிடவில்லை. 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவாயிற்று. தொண்டு நிறுவனங்கள் வாயிலாகப் பாலியல் தொழிலாளர், திருநங்கையர், லாரி ஓட்டுநர் ஆகியோரிடையே பணிகள் நடந்தன. 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் சுவரெங்கும் தோன்றிய ‘புள்ளி ராஜா’ விளம்பரத்தை நம் பெற்றோர் நினைவு வைத்திருப்பர். பலர் அதைக் கேலி செய்தனர். ஆயினும், பெண்ணை விடுத்து ஆணை நோக்கிக் கேள்வி கேட்டது அவ்விளம்பரத்தின் சிறப்பாகும். 1868-இல் எவரும் கேட்காத கேள்வி அன்றோ அது!

இன்று அரசு மருத்துவமனைகளில் ‘நம்பிக்கை மையம்’ என்ற பெயரில் இலவச எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் கிடைக்கின்றன. பால்வினை நோய்களுக்குச் ‘சுகவாழ்வு மையம்’ உள்ளது. 2004 ஏப்ரலில் நாட்டில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகத் தொடங்கப்பட்டபோது, நமக்கு அண்மையிலுள்ள தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை முதல் மையங்களுள் ஒன்றாக விளங்கியது. 1097 என்ற எண்ணில் கட்டணமின்றி விவரம் கேட்கலாம்.

அறிவியல் கூறுவது யாது?

எச்.ஐ.வி. கிருமி நம் இரத்தத்திலுள்ள சி.டி.4 என்னும் வெள்ளணுக்களைத் தாக்கி அழிக்கிறது. பல ஆண்டுகள் வெளியில் எந்த அறிகுறியும் தெரியாமல் இருக்கலாம். ஆகவே முகத்தைப் பார்த்து நோயை அறிய முடியாது. இரத்தப் பரிசோதனை ஒன்றே வழி. மேகப்புண் போன்ற பிற பால்வினை நோய்கள் இருந்தால் அப்புண்களின் வழியே எச்.ஐ.வி. எளிதில் உட்புகும். எனவே புண்ணை ஆற்றுவதும் எச்.ஐ.வி. தடுப்பேயாகும். மேகப்புண்ணுக்குப் பென்சிலின் ஊசி இன்றும் நல்ல மருந்து. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் சோதனையும் உண்டு.

எதிர்பாராமல் தொற்றுக்கு இடமாகும் நிகழ்ச்சி நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில், தடுப்பு மாத்திரையைத் தொடங்க வேண்டும். அதை 28 நாள் உட்கொள்ள வேண்டும். தொற்றுள்ளவர் கூட்டு மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு மூலம் அவரிடமிருந்து மற்றவருக்குக் கிருமி பரவுவதில்லை. இது அண்மைக்கால மருத்துவத்தின் பெரும் வெற்றி. இன்று இந்தியாவில் ஏறத்தாழ 25 இலட்சம் பேர் எச்.ஐ.வி.யுடன் வாழ்கின்றனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. ஒழுங்கான மருத்துவத்தால் அவர்கள் நீண்ட ஆயுளுடன் வாழ இயலும்.

எனினும் உடல்நலம் என்பது எச்.ஐ.வி. ஒன்றோடு முடிவதன்று. இரவுத் தூக்கமின்மை, அடி உதை, மதுப்பழக்கம், மனச்சோர்வு, காசநோய், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய கவலை ஆகிய எல்லாமே அப்பெண்களின் உடலை அரிக்கின்றன. கிருமியை மட்டும் தேடிவரும் மருத்துவரிடம் அவர்கள் மனம் திறப்பதில்லை. ‘ஊருக்கு நோய் வராமலிருக்கத்தானே என்னைச் சோதிக்கிறீர்கள்?’ என்று அப்பெண் கேட்டால் நம்மிடம் விடை என்ன? அவள் உடல் அவளுக்காகவே காக்கப்பட வேண்டும்.

சட்டமும் நீதியும்

1956-ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டம், விடுதி நடத்துவது, பிறர் வருவாயில் பிழைப்பது, பொது இடத்தில் அழைப்பது முதலியவற்றைக் குற்றமாக்குகிறது. வயது வந்த ஒரு பெண் தன் விருப்பப்படி தனித்துச் செய்வது மட்டும் அச்சட்டப்படி குற்றமாகாது. ஆனால் நடைமுறையில், கைப்பையில் ஆணுறை இருப்பதையே சான்றாகக் காட்டிக் கைது செய்யும் வழக்கம் இருந்தது. ஒருபுறம் சுகாதாரத்துறை ஆணுறையைக் கொடுக்கிறது. மறுபுறம் காவல்துறை அதையே குற்றச்சான்றாகக் கொள்கிறது! இம்முரண்பாட்டால் நோயே பயன் பெற்றது.

கல்கத்தாவில் 1999-இல் ஒரு பாலியல் தொழிலாளி கொலையுண்டார். அவ்வழக்கின் தொடர்ச்சியாக, 2022 மே 19 அன்று உச்சநீதிமன்றம் நெறிமுறைகளை வழங்கியது. ஆணுறை வைத்திருப்பதைக் குற்றச்சான்றாகக் கொள்ளலாகாது. பாலியல் வன்முறைக்கு ஆளானால் இவர்களுக்கும் உடனே மருத்துவ உதவி தர வேண்டும். காவலர் இவர்களைக் கண்ணியமாக நடத்த வேண்டும். தொழிலை வெளிப்படுத்தாமல் ஆதார் அட்டை வழங்க வேண்டும் என்பன அவற்றுள் சில. முன்னதாகக் கொரோனா காலத்தில், 2020 செப்டம்பரில், அடையாளச் சான்று கேளாமல் உலர் உணவுப் பொருள் வழங்குமாறும் அந்நீதிமன்றம் ஆணையிட்டது. பசியும் நோயும் பிரியாதவை என்பதைத் தாது வருடத்துக்குப் பின் நீதிமன்றம் நமக்கு மீண்டும் நினைவூட்டியது எனலாம்.

இங்கு ஒன்றைத் தெளிவாகக் கூற வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவரை இதில் ஈடுபடுத்துவதும், வேலை வாங்கித் தருவதாக ஏமாற்றி விற்பதும் கொடிய குற்றங்கள். அவற்றுக்கு மன்னிப்பே இல்லை. சிறுமியை மீட்பதும், வயது வந்த பெண்ணின் மருத்துவ உரிமையைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. அவமானமும் கைதும் இல்லையென்றால், கடத்தி வரப்பட்ட சிறுமியைப் பற்றிக் காவல்துறைக்கு முதலில் சொல்வோர் அப்பெண்களாகவே இருப்பர்.

செல்வ நாடுகளின் நிலை

பணம் மிகுந்த நாடுகளில் இச்சிக்கல் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. அங்கும் இருவழிகளின் போராட்டமே நடக்கிறது. சுவீடன் 1999-இல் விலை கொடுத்து வருவோரைத் தண்டிக்கும் சட்டத்தை நடைமுறைக்குக் கொணர்ந்தது. பெண்ணைத் தண்டிக்காமை நன்றே. ஆயினும் வருபவன் அஞ்சுவதால் பெண்கள் ஒதுக்குப்புறங்களுக்குச் செல்ல நேர்கிறது என்று அத்தொழிலாளர் அமைப்புகள் குறை கூறுகின்றன. செருமனி 2017-இல் கட்டாயப் பதிவு முறையைக் கொணர்ந்தது. பெயர் வெளிப்படும் என்றஞ்சிப் பலர் பதிவு செய்யவேயில்லை. 1868-இன் பாடம் அங்கே மறக்கப்பட்டது போலும்!

நியூசிலாந்தோ 2003-இல் இத்தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. அச்சட்டம் 60-க்கு 59 என்ற வாக்கில், ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் நிறைவேறியது. எவரையும் மறுக்கும் உரிமை அங்கே பெண்ணுக்குச் சட்டப்படி உண்டு. பெல்ஜியத்தில் 2024 டிசம்பர் முதல், வேலை ஒப்பந்தத்தின்கீழ் உள்ளோருக்கு நோய்விடுப்பும் மகப்பேறு விடுப்பும் ஓய்வூதிய உரிமையும் கிடைக்கின்றன. 2014-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்று, இத்தொழிலைக் குற்றமாகக் கருதுவதை நீக்கினாலே பத்தாண்டுகளில் புதிய எச்.ஐ.வி. தொற்றுகளில் 33 முதல் 46 விழுக்காடு வரை தவிர்க்கலாம் என்று கணக்கிட்டது. கனடாவின் வான்கூவர், கென்யாவின் மொம்பாசா ஆகியவற்றுடன் நம் அண்டை மாநிலத்துப் பெல்லாரியும் அக்கணக்கில் இடம்பெற்றது.

நாம் செய்யத் தக்கவை

நம் தொழிற்பேட்டைப் பகுதிக்கு இவ்வரலாறு கூறும் அறிவுரை யாது? லாரிகள் நிற்குமிடத்திலும் தொழிலாளர் குடியிருப்பிலும், வேலை முடிந்து வருவோர்க்கு ஏற்ற மாலை நேர மருத்துவ முகாம்கள் வேண்டும். இந்தியிலும் ஒடியாவிலும் விளக்கம் கூறுவோர் வேண்டும். ஆலைகள் உடல்நல முகாம்களில் இரத்த அழுத்தத்தோடு இப்பரிசோதனையையும், விரும்புவோர்க்கு மட்டும் இரகசியமாகச் செய்யலாம். ஒருவர் இசைவின்றி எச்.ஐ.வி. சோதனை செய்வதும், தொற்றைக் காட்டி வேலையிலிருந்து நீக்குவதும் 2018 முதல் நடைமுறையிலுள்ள எச்.ஐ.வி. சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளன என்பதை மேலாளரும் தொழிலாளரும் அறிதல் வேண்டும்.

மாணவராகிய நமக்கும் கடமை உண்டு. நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். மருத்துவமனைச் சீட்டைப் படித்துச் சொல்லவும், மாத்திரையின் பெயரைக் கூறவும் தெருவில் உள்ளோர் நம்மைத்தான் அழைக்கின்றனர். அவ்வாறு அழைப்பவர் யாராயினும், அவர் கூறிய செய்தியை வேறெவரிடமும் கூறாதிருப்பதே நாம் செய்யும் முதல் மருத்துவம். நம் வகுப்பில் பலர் நாளை செவிலியராகவும் ஆய்வகப் பணியாளராகவும் ஆகப்போகின்றனர். அன்று இரத்தக் குழாயை நீட்டும் கையின் பின்னால் ஒரு முகம் இருப்பதை நினைவில் கொள்வோமாக.

முடிவுரை

பதிவேடும் பூட்டும் கொண்டு நூறாண்டு முயன்றும் நோய் பணியவில்லை. சக தோழியின் சொல்லும், கூட்டுறவுச் சங்கத்தின் சேமிப்பும், இரகசியம் காக்கும் மருத்துவரும் சேர்ந்த இடத்தில் பணிந்தது. 1986-இல் மயிலாப்பூரில் தம் இரத்தத்தைத் தந்த பெண்களால்தான் இந்நாடு விழித்துக்கொண்டது. அவர்களுக்கு நாம் பட்ட கடன் இன்னும் தீரவில்லை. அரசு மருத்துவமனை வரிசையில் அச்சமின்றி நின்று, தம் பெயர் அழைக்கப்படும்போது தலை நிமிர்ந்து உள்ளே செல்லும் நிலை அவர்களுக்கு வர வேண்டும். அந்நாள் விரைவில் வர நாமும் உழைப்போம்!